மேற்கோளுக்கு ஒரு காய்

ஜமுனாமரத்தூர்ச் சந்தைக்கு மேலே, அருணாவின் சாமைக் கொல்லை ஓரத்துப் புளியமரத்தில், பேராசிரியர் குணசீலனின் ஆராய்ச்சிக் கட்டுரையை உலகத்தில் எங்கே யார் மேற்கோள் காட்டினாலும் ஒரு காய் கூடும். அவருடைய முதல் கட்டுரை அந்த மரத்தைப் பற்றியது. அன்று தொடங்கிய பழக்கம். ஆறு வருடம் நாலைந்து காய்க்கு மேல் இல்லை. பிறகு, மேற்கோள்களை எண்ணித்தான் உலகப் பல்கலைக்கழகங்களுக்கு வரிசை போடுகிறார்கள் என்ற சேதி கீழே சமவெளியில் இருந்த அவருடைய பல்கலைக்கழகத்துக்கு எட்டியது. அடுத்த தையில் காய் மறைத்து மரத்தில் இலையே தெரியவில்லை.

படவேட்டுப் புளி வியாபாரி கண்ணாயிரம் மரத்தை அண்ணாந்து பார்த்தே எத்தனை மூட்டை என்று சொல்லிவிடுகிறவர். முப்பது வருடத்தில் அரை மூட்டை பிசகியதில்லை. வேலூர் மண்டியில் அவர் வாய்ச்சொல்லே தராசு. நாற்பது என்றார். அருணாவிடம் பேரம் பேசி மரத்தைக் குத்தகைக்குப் பிடித்தார், மண்டிக்கும் வாக்குக் கொடுத்தார். மாசியில் உலுக்கினால் காய் பஞ்சு மாதிரி மிதந்து இறங்கியது. பாதியில் சதையும் இல்லை, கொட்டையும் இல்லை, வெறும் ஓடு. மீதியில் புழு.

“இன்னா யாவாரி, கண்ணுல பூ வுழுந்துடுச்சா?” என்றாள் அருணா.

நாற்பது மூட்டை போய்ச் சேராவிட்டால் மண்டியில் இனி அவர் பேச்சு செல்லாது. காய்க்குக் காரணம் யார் என்று அருணாவிடம் கேட்டுக்கொண்டு, கண்ணாயிரம் காய்களைச் சாக்கில் கட்டி, பஸ் பிடித்து, பேராசிரியரின் மேசைமேல் கொட்டினார். குணசீலன் பதறவில்லை, பிரித்து வைத்தார். வெறும் ஓடெல்லாம் அவரே அவரை மேற்கோள் காட்டிக்கொண்டவை. புழு வைத்தவை, நீ என்னைச் சொல், நான் உன்னைச் சொல்கிறேன் என்று நண்பர்களோடு பேசிவைத்தவை.

“தன்னத்தானே இத்தினி வாட்டியா மெச்சிக்குவாங்க சார்? எங்க சந்தையிலகூட கூச்சப்படுவாங்க.”

“பட்டியல்ல எழுநூறு இடம் முன்னாடி வந்துட்டோங்க.”

“அந்தப் பட்டியல்காரங்க ஒரு காயைக்கூடவா ஆட்டிப் பாக்கல?”

“நீங்க ஆட்டிப் பாத்தீங்களா? கீழருந்துதானே எண்ணுனீங்க?”

கண்ணாயிரம் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு, யாருக்காவது உதவுகிற மாதிரி எதையாவது எழுதியது உண்டா என்று கேட்டார். டீ ஆறி ஆடை கட்டும்வரை பேராசிரியர் யோசித்தார். சாமையில் வண்டு விழாமல் வைப்பதைப் பற்றி, மலைக்காரர்களிடம் கேட்டு இளவயதில் எழுதிய எட்டுப் பக்கம் ஒன்று கிடந்தது, யாரும் சீண்டவில்லை. சிறுதானியம் விளைகிற நாடுகளுக்கெல்லாம் அதை அனுப்பவைத்த பிறகுதான் கண்ணாயிரம் நாற்காலியை விட்டு எழுந்தார்.

பங்குனிக் கடைசியில், ஏதோ தூரத்து மலைநாட்டில் முகம் தெரியாத ஒருத்தி, இதைப் படித்துத்தான் எங்கள் ஊர்த் தானியம் பிழைத்தது என்று தன் கட்டுரையில் எழுதினாள். ஒரே ஒரு மேற்கோள். அன்று மத்தியானம் மரத்தில் ஒரு காய் பிடித்து, சாயங்காலத்துக்குள் பழுத்து, கிளையோடு முறிந்து விழுந்தது. பன்னிரண்டு பேர் சேர்ந்து லாரியில் ஏற்றினார்கள். மலைப்பாதை வளைவுகளில் எதிரே வந்த பஸ்கள் ஒதுங்கி வழிவிட்டன. மண்டியில் ரம்பம் போட்டு அறுத்தால் சரியாக நாற்பது மூட்டை. நல்ல புளிப்பு என்றார்கள், வேறொன்றும் கேட்கவில்லை.

பட்டியலில் அது ஒன்று என்றே ஏறியது. அந்தப் புளியில் ரசம் வைத்துக் குடித்த குணசீலன் தன்னைத் தானே மேற்கோள் காட்டுவதையும் நண்பர்களோடு பேசிவைப்பதையும் விட்டுவிட்டதால் பல்கலைக்கழகம் எண்ணூறு இடம் சறுக்கியது. அவருக்கு மெமோவும் வந்தது. மறு வருடம் மரத்தில் மூன்றே காய். அருணா கிளைகளுக்குக் கருங்கல் முட்டுக் கொடுத்தாள். கண்ணாயிரம் மூன்று லாரி சொல்லிவைத்தார்.