பிணத்துக்கு அழ ஓர் ஆள்

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. ஒரு லிஃப்டில் ஒட்டுக்கேட்டேன். கழுத்தில் சிவப்புச் சாயம் காய்ந்திருந்த ஒரு பெண் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "நான் செத்து மூணு நாளாச்சுக்கா. இன்னும் ஒருத்தர்கூட அழல." அதற்குள் அவள் மாடி வந்துவிட்டது, இறங்கிப் போய்விட்டாள். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: 'விருந்து களைகட்டியிருந்தபோது மின்சாரம் போனது. விளக்கு வந்தபோது...' வேண்டாம். விளக்கு வந்தால் பிணம் கிடக்கும் என்பது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும்.

இரண்டாவது: செத்துக் கிடப்பதுதான் அவள் வேலை. திகில் படங்களைக் கேலி செய்யும் ஒரு திகில் படம். நண்பர்கள் ஆறு பேர் ஒரு வீட்டில் கூடிக் கும்மாளமடிக்கிறார்கள். ஒருத்தி செத்துப்போகிறாள். மிச்ச ஐந்து பேரும் 'நீதான் கொன்னே' என்று ஒருவரையொருவர் கடித்துக் குதறுகிறார்கள். பிணத்தைத் தாண்டித் தாண்டிச் சண்டை போடுகிறார்கள். ஒருவன் பிணத்தோடு செல்ஃபிகூட எடுத்துக்கொள்கிறான். படப்பிடிப்பில் அவளுக்குப் பெயரே 'டெட்பாடி'. "டெட்பாடிக்கு டீ குடுத்தாச்சா?" என்றுதான் விசாரிப்பார்கள்.

"யாராவது எனக்காக ஒரு சொட்டு அழக்கூடாதா சார்?" என்று இயக்குநரிடம் கேட்டுப் பார்த்தாள்.

"அழுதா அவங்க மேல இருக்கற சந்தேகம் போயிடும்மா. படம் படுத்துடும்."

3

[இங்கே அவளுடைய பள்ளிக்கால நினைவுகளை ஒரு பக்கம் எழுதியிருந்தேன். எனக்கே கொட்டாவி வந்ததால் அடித்துவிட்டேன்.]

நமக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான். அம்மாவின் மார்பில் ஒரு கட்டி. சோதனை முடிவு படப்பிடிப்பின் மூன்றாம் நாள் வருகிறது. அக்கா சொல்லியிருந்தாள்: "நல்ல சேதின்னா ஒரு மிஸ்டு கால் விடறேன். வேற மாதிரின்னா போன்ல சொல்லமாட்டேன், நேர்லயே வந்துடறேன்."

ஆகவே அவள் போனை அதிர்வில் வைத்து இடுப்பில் செருகிக்கொண்டுதான் சாகப் படுத்தாள். அன்று பார்த்து இயக்குநருக்கு ஒரு நீளமான காட்சியை வெட்டாமல் எடுக்கவேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. உதவி இயக்குநர் கூடையோடு வந்து எல்லோருடைய போனையும் வாங்கினார்.

"என்னோடது மட்டும் இருக்கட்டும் சார்."

"செத்தவங்களுக்கு யாரும்மா போன் பண்ணப்போறாங்க?"

4

கன்னத்தைத் தரையில் வைத்து, அரைக்கண் திறந்து கிடந்தாள். கால்கள்தான் தெரிந்தன. பளபளக்கும் ஐந்து ஜோடிக் காலணிகள் அங்குமிங்கும் பாய்ந்தன. கதவோரம் ஆறாவதாக ஒரு ஜோடி வந்து நின்றது. பழைய தட்டைச் செருப்பு. அதை அவளும் இரவல் வாங்கிப் போட்டுப் போயிருக்கிறாள்.

அக்கா. நேரில் வந்திருக்கிறாள்.

அவளுக்கு எழுந்து ஓடவேண்டும்போல் இருந்தது. செத்தவள் எழக்கூடாது, அழவும் கூடாது. பல்லைக் கடித்து மூச்சை அடக்கினாள். மூன்று நாளில் அன்றுதான் பிணம் தத்ரூபமாக இருந்தது என்று பிற்பாடு எல்லோரும் மெச்சினார்கள்.

5

வாசகரே, இங்கே என் பேனா நின்றுவிட்டது. துயர முடிவுக்குத்தான் இலக்கியத்தில் மரியாதை என்பார்கள். நானும் எழுதிப் பார்த்தேன்: 'அக்கா எதுவும் பேசவில்லை. சுவரில் சாய்ந்து மெல்லத்' —

முடியவில்லை. ஒரு கதைக்கு ஒரு பிணம் போதும். மரியாதை கிடக்கட்டும்.

6

அக்காவின் செருப்புக்குப் பின்னால் இன்னொரு ஜோடி தெரிந்தது. வார் அறுந்து ஊக்கு குத்திய செருப்பு. புதிது வாங்கச் சொன்னால் 'இதுக்கு என்ன கேடு' என்பவளின் செருப்பு.

"அய்யோ... என் தங்கமே!"

வீடே அதிர்ந்தது. ஐந்து நண்பர்களும் உண்மையாகவே பதறினார்கள். செல்ஃபி எடுத்தவன் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். அம்மா கேமராவை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்து, மகளின் தலையைத் தூக்கி மடியில் போட்டுக் கதறினாள்.*

"அம்மா, நான் சாகலம்மா!"

"அப்புறம் ஏன்டி இப்படிக் கெடக்குற?"

"வேலைம்மா. உனக்கு... உனக்கு என்ன சொன்னாங்க?"

"எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன். சாதாக் கட்டிதானாம்."

அக்கா மூச்சிரைக்கக் கத்தினாள்: "எத்தனை மிஸ்டு கால்டி விடறது? நீ பதிலுக்கு ஒண்ணுகூட விடல. பயந்துட்டு இருப்பியேன்னு ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா வர்றோம்!"

அப்போதுதான் பிணம் அழுதது. மூன்று பேரும் சிவப்புச் சாயத்தில் புரண்டு, சிரித்துக்கொண்டே அழுதார்கள்.

* அக்கா அம்மாவிடம் முன்பே சொல்லவில்லையா என்பீர்கள். 'அவ பிணமா நடிக்கிறா' என்று சொல்லித்தான் கூட்டிவந்தாள். கேட்பது வேறு, பார்ப்பது வேறு.

7

இயக்குநர் 'கட்' சொல்ல மறந்துவிட்டார். அந்தக் குரலைப் படத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று அம்மாவிடமே அனுமதி கேட்டார். இப்போது படத்தில், விளக்கு அணைந்ததும் இருட்டில் யாரோ கதறுகிறார்கள். விளக்கு வந்ததும் ஐவரும் 'நான் இல்லை' என்கிறார்கள்.

கொலைகாரன் யார்? எனக்குத் தெரியாது. அந்த ஐவரில் உங்களுக்குப் பிடிக்காத ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள், நான் சண்டைக்கு வரமாட்டேன். அழுதது யார் என்பதை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.