சிரட்டையில் சேர்ந்த குளிசை

மிஸி கிளாறிஸுக்குக் கோபம் வந்தால் மூக்கு நுனி சிவந்துவிடும். ஏறாவூர் மருந்துச்சாலை வாசலில் காய்ச்சல்காரர்களின் வரிசை முந்தின நாளைவிட நீண்டிருந்ததைக் கண்டதும் அது நன்றாகவே சிவந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திநாலாம் ஆண்டு மார்கழி. மலேரியா ஊர் ஊராக உலுப்பிக்கொண்டிருந்த நேரம். பத்து நாளாக வீடு வீடாக ஏறி இறங்கிக் காய்ச்சல் மருந்தான கொயினாக் குளிசை கொடுத்த தாதி அவள். அத்தனையும் எங்கே போய்த் தொலைந்தன?

மட்டக்களப்பிலிருந்து வந்த டொக்டர் நல்லரத்தினமும் அதையேதான் கேட்டார். "குடிக்காத ஊருக்கு மருந்து எதுக்கு, மிஸி? வவுணதீவில சனம் கையேந்தி நிக்குது. ஒரு கிழமை பாப்பன். காய்ச்சல் குறையாட்டி உங்கட மருந்துப் பெட்டிய அங்க அனுப்பிப்போடுவன்."

கிளாறிஸ் நேரே நெசவுக்காரி ஆமினா உம்மா வீட்டுக்குப் போனாள். உம்மாவின் மகள் றஸீனா பாயில் நடுங்கிக்கொண்டு கிடந்தாள். கிளாறிஸ் டொக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"உண்மையச் சொல்லுங்க உம்மா, குளிசைய வீசிட்டீங்களா?"

"அல்லாவே! மருந்த ஆரும் வீசுவாங்களா?" உம்மா உறியிலிருந்து ஒரு தேங்காய்ச் சிரட்டையை இறக்கினாள். பத்து நாள் குளிசையும் ஒன்று குறையாமல் அதற்குள் கிடந்தன. "நீங்க பகல் பத்து மணிக்கெல்லோ தாறீங்க? நோம்போட எப்பிடி முழுங்கிற? பெருநாள் விடிய எல்லாத்தையும் ஒண்டா முழுங்குவம் எண்டுதான் எல்லா வீட்டிலயும் சேத்து வெச்சிருக்கம்."

"ஐயோ உம்மா, ஒண்டா முழுங்கினா உயிர் போயிடும்! தொடவே தொடாதீங்க."

கத்திவிட்டாளே தவிர, அடுத்த கணம் வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. பறங்கிப் பெண்தான், ஆனாலும் இந்த ஊர் நோன்புக் கஞ்சி குடித்து வளர்ந்தவள். தெரிந்திருந்தும் கந்தோர் வேலை நேரத்தைப் பார்த்துக் குளிசை கொடுத்தது யார்?

பள்ளிவாசல் தலைவர் கச்சி முகம்மது மரைக்காரிடம் போய் நின்றாள்.

"காய்ச்சல்காரன் நோம்பப் பிறகு பிடிக்கலாம் எண்டு சொல்லிச் சொல்லி வாய் நொந்துபோச்சு, மிஸி," என்றார் அவர். "ஆனா பள்ளிக் கஞ்சி போகாத வீடு ஊர்ல இல்ல. கஞ்சியோட குடுங்க. போடுறாங்களா இல்லையா எண்டு நான் பாக்கிறன்."

மறுநாளிலிருந்து பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சும் கிடாரத்துக்குப் பக்கத்தில் கிளாறிஸ் பெட்டியோடு நின்றாள். சட்டியில் கஞ்சி, மூடியில் ஆளுக்கொரு குளிசை, சிறுவருக்குப் பாதி. கஞ்சி குடித்ததும் குளிசை, பிறகுதான் மற்றச் சாப்பாடு என்று மரைக்கார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதற்கு மேல் பேச்சேது?

ஏழாம் நாள் டொக்டர் வந்தார். வரிசை பாதிகூட இல்லை. நம்பாமல் பொழுதுபடும்வரை காத்திருந்தார். பாங்கு ஒலித்தது. வாசலுக்கு வாசல் கஞ்சி குடித்தார்கள். பிறகு தெரு முழுவதும் ஒரே நேரத்தில் முகத்தைச் சுளித்தது. கொயினாவின் கசப்பு அப்படி. டொக்டர் வாய்விட்டுச் சிரித்தார்.

"பெட்டி இஞ்சயே இருக்கட்டும், மிஸி."

கிளாறிஸுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்தது. உடனேயே அங்கே கையேந்தி நிற்கும் சனத்தின் நினைப்பு வந்தது. அப்படியானால் வவுணதீவு?

அப்போதுதான் ஆமினா உம்மா வந்தாள். பக்கத்தில் றஸீனா, தன் காலாலேயே நடந்து. பின்னால் ஊர்ப் பெண்கள், ஒவ்வொருத்தி கையிலும் ஒரு சிரட்டை. கிளாறிஸ் அந்தச் சிரட்டைகளை அடியோடு மறந்திருந்தாள்.

"ஒரு வீடு மிச்சமில்லாமக் கொண்டந்திருக்கம், டொக்டர் ஐயா. வவுணதீவாருக்குக் குடுங்க," என்ற உம்மா, கிளாறிஸைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். "ஆனா மிஸி, எத்தின மணிக்குச் சாப்பிடுவீங்க எண்டு அவங்களிட்ட முதல்ல கேட்டுப்போட்டுக் குடுங்க!"