அவன் எடுத்துக் கொடுத்த எழுத்து

நிமோனியா என்று சொல்ல வேண்டும். நோக்வெசி மறுபடியும் "நி..." என்றாள், ஒரு மூச்சு நின்றாள், "...னியா" என்று முடித்தாள்.

செவிலியர் வகுப்பே சிரித்தது. பாடம் எடுத்த தண்டிஸ்வா சிஸ்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "ஏம்மா மருமகளே, பாதி நுரையீரல எங்க விட்டுட்டு வந்த?"

கிரேக்கர்கள் நுரையீரலுக்கு வைத்த பெயரிலிருந்து வந்த சொல் அது, பயப்படாமல் எழுத்து எழுத்தாகப் பிரித்துக் கைதட்டிச் சொல் என்றாள் சிஸ்டர். நி, மோ, னி, யா. நோக்வெசி நான்கு தடவையும் தட்டினாள். இரண்டாவது தட்டுக்கு மட்டும் வாய் திறக்கவில்லை.

அது பயம் இல்லை, கண்ணுகளா. அவள் மாமனார் பெயர் மோண்டே. தென்னாப்பிரிக்காவின் கோசா இனத்து வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் மாமனார் பெயரைச் சொல்லமாட்டாள். அந்தப் பெயரின் ஒலி வேறு சொல்லில் வந்தாலும் சொல்லமாட்டாள். மோட்டார் வண்டி அவளுக்கு 'உருளுறது'தான். கல்யாணமான புதிதில் பேச்சின் நடுவே அவள் தடுக்கி நிற்கும்போதெல்லாம், கணவன் சிபிவோ பின்னாலிருந்து அந்த ஓர் ஒலியை மட்டும் எடுத்துக் கொடுப்பான். அவள் விட்ட இடத்தில் அவன் குரல் வந்து உட்காரும்.

சுரங்க வேலைக்கு ருஸ்டன்பர்க் போனவன், பல குளிர்காலங்கள் போயும் திரும்பவில்லை. போனும் வருவதில்லை.

வகுப்பு கலைந்ததும் சிஸ்டர் அவளை நிறுத்தினாள். தானும் ஒரு வீட்டு மருமகள்தான் என்றாள். நாளைப் பரீட்சையில் முழுசாகச் சொல்லாவிட்டால் தேறமுடியாது என்றாள். "உன் மாமனார் இங்க வந்து ஒட்டுக்கேக்கப் போறாரா?"

"மாமாவுக்காக இல்ல சிஸ்டர். அத நானே சொல்லிட்டா, எங்க வீட்டுக்காரரு வந்து சொல்றதுக்கு என்ன இருக்கும்?"

சிஸ்டர் அவள் தோளில் நழுவிய சால்வையை இழுத்துப் போர்த்திவிட்டுப் போனாள்.

மறுநாள் பரீட்சை வைக்க வந்த அம்மாள் எக்ஸ்ரே படத்தைக் காட்டி, நோயின் பெயரைப் பிரித்துச் சொல்லச் சொன்னாள்.

"நி." நோக்வெசி நிறுத்தினாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு டாக்ஸி ஆள் கூப்பிட்டுக்கொண்டே போனது. முதுகுக்குப் பின்னால் யாரும் எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"மோ" என்றாள். தன் குரலில் அதைக் கேட்டு எத்தனை காலம்! "னி. யா."

தேறிவிட்டாள்.

சாயங்காலம் அடுப்பில் சோளக்களி கிண்டியபடி, தனியாக இருக்கையில், அந்தச் சொல்லை மறுபடி சொல்லிப் பார்த்தாள். "நி..."

அகப்பையை நிறுத்தி, வாசல் பக்கம் திரும்பி, கொஞ்சம் பொறுத்தாள்.