பாதியில் நின்ற பாட்டு

மைசூர் ஹெப்பாளில் கார் கதவுக்குப் பூட்டு செய்யும் அந்த ஜப்பானியக் கம்பெனியில் ஒவ்வொரு மேசைக்கு மேலும் ஒரு கயிறு தொங்கும். வேலையில் ஏதாவது சிக்கினால் அதை இழுக்க வேண்டும். இழுத்ததும் மொத்த வரிசையும் நின்றுபோய், அந்த மேசைக்கென்று வைத்த மெட்டு ஒலிக்கும். மெட்டைக் கேட்டே எந்த மேசை என்று கண்டுபிடித்து சூப்பர்வைசர் ஓடி வருவார். மற்ற மேசைகளுக்கெல்லாம் ஐஸ் வண்டி மணி மாதிரி ஏதோ ஒன்றுதான். அனுப்ரியாவின் மேசைக்கு மட்டும் நிஜமான பாட்டு.

ஹனூரிலிருந்து வந்து வேலையில் சேர்ந்த புதிதில், ஒருநாள் திருகாணி சிக்கியபோது அதை முதன்முதலாகக் கேட்டாள். மறுநாள் எதுவுமே சிக்கவில்லை. இருந்தும் இழுத்தாள். அந்தக் கட்டடத்தில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது.

"ஏம்மா, சும்னே எதுக்கு இழுத்தே?" என்று மூச்சிரைக்க வந்து நின்றார் சூப்பர்வைசர் செந்தில்நாதன். மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவர். கோபம் வந்தால் அவருடைய தமிழுக்குள் கன்னடம் புகுந்துவிடும்.

"பாட்டுக் கேக்கலாம்னுங்க சார்."

உண்மையைச் சொன்னதற்குத் திட்டு இரண்டு பங்காகக் கிடைத்தது.

அவள்தான் என்ன செய்வாள்? அந்த மெட்டு மேலே மேலே ஏறி, உச்சிக்குப் போகப்போகிற நேரத்தில் பட்டென்று நின்றுவிடும். அதற்கு மேல் என்ன என்று தெரியாமல் சோறு இறங்குமா? தொழிலாளிகள் செல்போனை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள், பதிவு செய்யவும் வழியில்லை. வீட்டுக்கு வந்து போனிடம் பாடிக் காட்டினாள். போன் அந்தப் பாட்டைத் தவிர ஜப்பானில் உள்ள எல்லாப் பாட்டையும் எடுத்துக் கொடுத்தது. இதுவா, இல்லை. அதுவா, இல்லை. இப்படித் தேடித்தேடிக் கேட்டதில், தேடிய பாட்டு கிடைக்காவிட்டாலும் கிடைத்த பாட்டெல்லாம் பிடித்துப்போயின. ஒரு வார்த்தை விளங்காத காலத்திலேயே கூடவே பாடினாள். பிறகு அர்த்தம் தேடிப் படித்ததில் கொஞ்சம் ஜப்பானிய மொழியும் ஒட்டிக்கொண்டது.

"வந்துட்டாங்களா உன்ற ஜப்பான் சொந்தக்காரங்க?" என்று கேட்டுக்கொண்டேதான் அவள் கணவன் முரளிதரன் தினமும் வீட்டுக்குள் நுழைவான். கேலி செய்துவிட்டு அவனும் தாளம் போடுவான், அது வேறு விஷயம்.

இந்த வருஷம் தசரா முடிந்ததும் கயிறுகளை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் திரை வைக்கப்போவதாக அறிவித்தார்கள். இனிமேல் சிவப்பு விளக்குதான் எரியும், பாட்டுக் கிடையாது. அனுப்ரியாவுக்குப் பகீரென்றது. மெட்டே போய்விட்டால் அப்புறம் எதை வைத்துத் தேடுவது? நல்லவேளையாக, புதிய திரையைப் பொருத்த வந்தவர் ஹொசோயா. ஆரம்பத்தில் இந்த வரிசையை அமைத்து, மேசைகளுக்கு மெட்டு வைத்த அதே மனிதர்.

மதியம் கேண்டீனில் அவர் சாம்பார் சாதத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் வைஷாலி. அவளைக் கேட்டிருந்தால் காரியம் சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் அனுப்ரியாவுக்குத் தானே பேசிவிட ஆசை. கற்றதோ முழுக்கக் காதல் பாட்டு. நேரே அவர்முன் போய் நின்று ஜப்பானிய மொழியில் சொன்னாள்: "உங்களை எப்படி மறப்பேன்? நீங்கள் தந்த ராகம் என் இதயத்தில் இன்னும் மழையாய்ப் பெய்கிறது."

ஹொசோயாவின் கையிலிருந்த ஸ்பூன் விழுந்தது. முகம் தக்காளியாகிவிட்டது.

"அக்கா! நீங்க அவர்ட்ட லவ் சொல்லிட்டீங்க!" வைஷாலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

வெட்கம் ஒரு பக்கம் இருக்கட்டும் என்று அனுப்ரியா மெட்டைப் பாடிக் காட்டினாள். அதைக் கேட்டதும் ஹொசோயாவின் கூச்சம் போய்விட்டது. மெதுவாகப் பேச ஆரம்பித்தார். வைஷாலி தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"காலேஜ்ல இவரோட சேத்து ஃப்ரெண்ட்ஸ் மூணு பேர் மியூசிக் பேண்ட் வெச்சிருந்தாங்களாம். அவங்க போட்ட பாட்டாம் இது. அதுவரைக்கும்தான் வந்துச்சாம், மேல வரவே இல்லையாம். பேண்டும் கலைஞ்சுபோச்சாம். மனசு கேக்காம உங்க மேசைக்கு வெச்சாராம்."

"அப்ப மீதி?"

"மீதியே இல்லக்கா."

அனுப்ரியாவுக்கு அழுகை முட்டியது. இல்லாத ஒன்றுக்காகவா இத்தனை வருஷம் அலைந்தோம்? ஆனால் அடுத்த நொடியே அவளுக்கு வேறொன்று உறைத்தது. பாத்திரம் கழுவும்போதும் துணி காயப்போடும்போதும், இதற்கு மேல் இப்படித்தான் போயிருக்கும் என்று அவளாகவே பாடிப் பாடிப் பழகிய ஒரு மெட்டு உண்டு.

"மீதி எங்கிட்ட இருக்குதுங்க" என்றாள்.

வார்த்தை இல்லாமல் வெறும் ராகமாகத்தான் பாடினாள். நின்ற இடத்திலிருந்து ஏறி, உச்சியைத் தொட்டு, இறங்கி வந்து முடித்தாள். எல்லா மேசையும் திரும்பிப் பார்த்தது. ஹொசோயா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அவசர அவசரமாக ஜப்பானில் இருக்கும் பழைய பேண்ட் நண்பருக்குப் போன் போட்டு, போனை அவள் பக்கம் நீட்டி, இன்னொரு முறை என்று கெஞ்சினார். பாடினாள். அந்தப் பக்கம் ஓர் ஆண்குரல் ஏதோ கேட்டது.

யார் பாடுவது என்று கேட்கிறார். அந்த அளவு அனுப்ரியாவுக்கே புரிந்துவிட்டது. ஹொசோயா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்ன பதிலுக்கும் வைஷாலி தேவைப்படவில்லை.

"நம்ம பேண்டின் நாலாவது ஆள்."