வாடகை இடத்தில் எழுதியவன்

இரண்டாம் மாடித் திருப்பத்தில் சித்தார்த்தனின் இடது கால் சுவரில் இடித்தது. பெட்ஷீட்டின் முனைகளைப் பிடித்திருந்த நான்கு பேரும் கவனிக்கவில்லை. பின்னால் இறங்கிக்கொண்டிருந்த அன்புக்கரசிக்கு மட்டும் அந்தச் சத்தம் கேட்டது.

"மெதுவா, மெதுவா. கால் இடிக்குது பாரு."

"படிக்கட்டே இவ்ளோதான் கீது அண்ணி. நான் இன்னா பண்றது?" என்றான் தலைப்பக்கத்தைப் பிடித்திருந்த செந்தில்குமார். சித்தார்த்தனின் தம்பி. பெரும்பாக்கத்திலிருந்து ராத்திரியே வந்துவிட்டான். அழுது அழுது அவன் குரல் கட்டிப்போயிருந்தது.

அந்த ஹவுசிங் போர்டு கட்டடத்தின் படிக்கட்டில் ஃப்ரீசர் பெட்டி ஏறாது. அதனால் பெட்டி கீழேயே, வாசலில் போட்டிருந்த ஷாமியானாவுக்குள், கம்பத்திலிருந்து இழுத்த வயரோடு காத்துக்கொண்டிருந்தது. அதையும் நாற்காலிகளையும் வட்டச் செயலாளர் அனுப்பியிருந்தார். சுடுகாட்டுக்கு வண்டியும் அவர் ஏற்பாடுதான். செந்தில்குமார் அதை மூன்று முறை அவளிடம் சொல்லிவிட்டான்.

முந்தின நாள் சாயங்காலம் நாலு மணிக்கு, மந்தைவெளியில் தன் ஜெராக்ஸ் கடையில், யாருடைய ரேஷன் கார்டையோ நகல் எடுத்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தான். அன்புக்கரசி ஓடிவந்து அவனை ஏற்றிய ஆட்டோ லஸ் முனை சிக்னலில் நின்றபோதே முடிந்துவிட்டது. நாற்பத்தெட்டு வயது. அவன் கை அவள் கைக்குள் இருந்தது. சிக்னலில் பச்சை விழுந்தபோது அந்தக் கை கனத்தது. அவள் டிரைவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வரைக்கும் அவர் ஹாரன் அடித்துக்கொண்டே போனார்.

பெட்டிக்குள் வைத்து மூடியதும் கண்ணாடியில் பனி படிந்தது. மகள் நிஷா துப்பட்டாவால் துடைத்துத் துடைத்து முகத்தைப் பார்த்தாள். காலேஜ் இரண்டாம் வருஷம். காலையில் அவள்தான் அவனுடைய வலைப்பதிவில் இரண்டு வரி போட்டிருந்தாள். 'அப்பா நேற்று மாலை இறந்துவிட்டார். இன்று மூன்று மணிக்கு எடுக்கிறோம்.' கீழே விலாசம்.

"அத்தப் படிச்சிட்டு யாரு வரப்போறாங்க?" என்று கேட்டாள் அன்புக்கரசி.

"வரலைன்னாலும் தெரியணும் இல்லம்மா?"

பதினொன்றரை மணிக்கு ஒருவர் வந்தார். அறுபது வயதுக்குக் குறையாது. கஞ்சி போட்ட சட்டை, கட்சிக் கரை போட்ட வேட்டி, நெற்றியில் திருநீறு. செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு, வெயிலில் சுட்ட சிமென்ட்டில் வெறுங்காலோடு நடந்து வந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அதிக நேரம் பார்த்தார். பிறகு, "இம்புட்டு ஒல்லியா இருப்பாருன்னு நான் நெனைக்கல" என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார்.

அன்புக்கரசி நிமிர்ந்து பார்த்தாள்.

"எம்பேரு சண்முகசுந்தரம்மா. உஸ்மான் ரோட்டுல ஜவுளிக்கடை. உங்க வீட்டுக்காரரோட பன்னெண்டு, பதிமூணு வருஷமா சண்டை போட்டிருக்கேன். பார்த்ததே கிடையாது. இன்னைக்குத்தான்..." தோளில் கிடந்த துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

நிஷாவுக்குத் தெரிந்திருந்தது. "பாளையங்கோட்டையான்?" என்றாள்.

"ஆமாம்மா. அந்தப் பேருலதான் கமெண்ட் போடுவேன்."

ஒரு நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு அன்புக்கரசிக்கு எதிரில் உட்கார்ந்தார். துக்க வீட்டில் சிலர் பேசாமல் இருப்பார்கள். சிலருக்குப் பேசினால்தான் மூச்சு வரும். அவர் இரண்டாவது ரகம்.

"நான் இந்தக் கட்சி" என்று வேட்டிக் கரையைத் தொட்டுக் காட்டினார். "அவரு எந்தக் கட்சியா இருந்தாலும் திட்டுவாரு. ஃபுட்பால்லயும் அப்படித்தான். நான் ஜெயிக்கிற டீமைப் பத்திப் பேசுனா, அவரு தோத்தவனைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதுவாரு. நேரு பார்க் பக்கம் ரெண்டாவது டிவிஷன் மேட்சாம், பாக்குறதுக்கு பதினேழு பேரு வந்தானாம், அதுல ஒருத்தன் தண்ணி கேன் போட வந்தவனாம். அதைப் போயி அப்படி எழுதியிருந்தாரு. கடையில கல்லாவுல உக்காந்து சிரிச்சேன் பாத்துக்கிடுங்க, யாவாரத்துக்கு வந்தவங்க பயந்துட்டாங்க."

செந்தில்குமார் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டான். "அண்ணன் சின்ன வயசுல லெஃப்ட் விங்கு சார். ஃபோர்ஷோர் எஸ்டேட் கிரவுண்டுல அவனப் புடிக்கவே முடியாது."

"எனக்கு ஒரே ஒரு வருத்தம்தாம்மா" என்றார் சண்முகசுந்தரம். "பழசு எல்லாம் போச்சே. பத்து வருஷத்துக்கு மேல எழுதுனது. அந்த பிளாக் கம்பெனிக்காரன் படுபாவி, சொல்லாம கொள்ளாம அழிச்சுட்டான்ல?"

அன்புக்கரசி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"நாலு வருஷம் முந்தி. புது இடத்துல வந்து முதல் பதிவே அதைப் பத்தித்தான். எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. 'வாடகை வீட்டுச் சுவரில் எழுதினேன், வீட்டுக்காரன் வெள்ளையடித்துவிட்டான், தப்பு என்னுடையது'ன்னு எழுதியிருந்தாரு. இன்டர்நெட்டுல எந்தக் கடையையும் நம்பாதீங்க, இன்னைக்குத் திறந்திருக்கும் நாளைக்குச் சாத்திருவான்னு ஊருக்கே புத்தி சொன்னாரு. நாங்க சும்மா விடுவோமா? ஜெராக்ஸ் கடை வச்சிருக்கீரு, உம்ம எழுத்துக்கு ஒரு நகல் எடுத்து வைக்கத் தெரியலையான்னு ஓட்டுனோம். ஒரு மாசம் ஓட்டுனோம். மனுஷன் சண்டைக்கே வரல. ஆமா சாமி, முட்டாள்தான்னு ஒத்துக்கிட்டாரு."

நிஷா மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தாள். அன்புக்கரசி அந்த முகத்தைப் பார்க்காமல் பெட்டியின் மோட்டார் ஓடும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால், அடையாற்றங்கரையில் அவன் பிறந்து வளர்ந்த குடிசைகளை ஒரே நாளில் இடித்தார்கள். செந்தில்குமார் குடும்பத்தையும் மற்றவர்களையும் லாரியில் ஏற்றிப் பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடியில் விட்டார்கள். அன்றைக்குச் சித்தார்த்தன் ஒரு பதிவு எழுதினான். ஆட்டக்காரனை மாற்றுவது உண்டு, ஆட்டம் நடக்கும்போதே மைதானத்தைச் சுருட்டிக்கொண்டு போவது எந்த ஊர் விதி என்று கேட்டிருந்தான். பட்டா வாங்கித் தருகிறோம் என்று சொல்லி ஓட்டு வாங்கியவர்களின் பெயர்களை வரிசையாகப் போட்டிருந்தான்.

நான்காவது நாள் மத்தியானம் மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். அவன் கடையில் இருந்தான். சத்தம் போடவில்லை, மிரட்டவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். ஒருவன் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்து, "பொண்ணாம்மா? எந்த ஸ்கூலு? பஸ்ல போவுதா, நடந்தா?" என்று கேட்டான். டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான்.

சித்தார்த்தனின் லேப்டாப் வீட்டில்தான் இருந்தது. கண் வலிக்கிறது என்று சில நாள் அவன் சொல்லச் சொல்ல அவள் தட்டச்சு செய்திருக்கிறாள். எது எங்கே இருக்கிறது என்று தெரியும். அந்த ஒரு பதிவை அழிக்கத்தான் உட்கார்ந்தாள். பிறகு, இதை அழித்தால் நாளைக்கு வேறொன்றை எழுதுவான் என்று தோன்றியது. முழுவதையும் நிரந்தரமாக நீக்கவா என்று திரை கேட்டது. ஆம் என்று அமுக்கினாள். திரும்பப் பெற முடியாது, உறுதிதானா என்று இரண்டாவது முறையும் கேட்டது. இரண்டாவது முறையும் அமுக்கினாள்.

சாயங்காலம் அவனிடம், "ஏதோ கை பட்டுடுச்சி போல" என்றாள். அவன் திரையைப் பார்த்தான். "ரெண்டு வாட்டி கேக்குமே" என்றான். அவள் நிஷாவுக்குத் தோசை வார்க்கப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. புது இடத்தில் பெரும்பாலும் ஃபுட்பால் எழுதினான். அரசியல் எப்போதாவது வரும், பெயர் இல்லாமல். அவள் அதை ஒரு வரிகூடப் படித்ததில்லை. படித்தால் அவளைப் பற்றி என்ன எழுதியிருப்பானோ என்ற பயம்.

பழியைக் கம்பெனிக்காரன்மேல் போட்டு எழுதியிருக்கிறான்.

"அது வந்துங்க..." என்றாள் அன்புக்கரசி.

சண்முகசுந்தரம் காதைக் கொடுத்து முன்னால் குனிந்தார். நிஷாவும் திரும்பிப் பார்த்தாள். அன்புக்கரசியின் உதடு அசைந்தது. அந்த நேரத்தில் தெருமுனையில் கார் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. செந்தில்குமார் எழுந்து ஓடினான்.

வட்டச் செயலாளர் நல்ல மாலை ஒன்றோடு வந்தார். பின்னால் ஐந்தாறு பேர். பெட்டிமேல் மாலையை வைத்துக் கும்பிட்டார். நிஷாவின் தலையைத் தொட்டு, "படிப்ப வுட்றாதம்மா" என்றார். அதை நிஜமாகத்தான் சொன்னார். பிறகு கையை நீட்ட, பக்கத்திலிருந்தவன் மடித்த கட்சிக் கொடியைக் கொடுத்தான். இரண்டு பேர் அதை உதறி, தலையிலிருந்து கால் வரைக்கும் கண்ணாடிமேல் போர்த்தினார்கள். ஒருவன் செல்போனில் படம் எடுத்தான்.

சித்தார்த்தனின் முகம் மறைந்துவிட்டது.

அன்புக்கரசி சண்முகசுந்தரத்தைப் பார்த்தாள். அதே கட்சிக்காரர். அவர் நாற்காலியிலிருந்து எழுந்திருந்தார். அவள் பார்ப்பது தெரிந்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் எழுந்தாள். கொடியின் ஒரு ஓரத்தைப் பிடித்து மெல்லச் சுருட்டினாள். புடவை மடிப்பதுபோல நான்காக மடித்து, வட்டச் செயலாளரிடம் நீட்டினாள்.

"வோணாங்க."

"மரியாதைக்குத்தாம்மா..."

"தெரியுதுங்க. வோணாம். அவுரு எதுலயும் இல்ல."

"அண்ணி!" செந்தில்குமார் பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்தான். "இன்னா பண்ற நீ? தலைவரு நேர்ல வந்துக்கிறாரு. நாளைக்கு என் வேலைய யாரு பாப்பா? நானும் ரெண்டு புள்ள வச்சிக்கினுகீறேன்." கார்ப்பரேஷன் ஒப்பந்தத்தில் குப்பை வண்டி ஓட்டுகிறான். அந்த வேலை வாங்கித் தந்தவர் எதிரில் நின்றுகொண்டிருந்தார்.

அன்புக்கரசி நீட்டிய கையை இறக்கவில்லை. "உங்கண்ணன் உயிரோட இருக்க சொல்ல நான் சொன்னதுக்கெல்லாம் வாய மூடிக்கினு இருந்தாரு. இப்பவாச்சும் வுடு."

வட்டச் செயலாளர் கொடியை வாங்கிக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "உங்க இஷ்டம்மா" என்று மறுபடி கும்பிட்டார். கார் கதவுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன.

மூன்று மணிக்கு வண்டி வரவில்லை. டிரைவரின் போன் அணைத்துவைக்கப்பட்டிருந்தது. மூன்றரைக்கு மோளக்காரர்கள் நிழலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்கள். செந்தில்குமார் வேறு வண்டிக்கு அலைந்தான். ஒன்று தாம்பரத்தில் இருந்தது. இன்னொன்று ஆறு மணிக்கு மேல்தான் வரும் என்றார்கள். திரும்பி வந்து அண்ணியின் எதிரில் நின்றான்.

"இப்ப சந்தோஷமா?"

சண்முகசுந்தரம் தெருவுக்குப் போய் யாரிடமோ போனில் பேசிவிட்டு வந்தார். தயங்கித் தயங்கித்தான் கேட்டார். "தப்பா எடுத்துக்கிடக் கூடாது. கடை வண்டி ஒண்ணு இருக்கு. சரக்கு ஏத்துறது. பெருக்கிக் கழுவிக் கொண்டாரச் சொல்லியிருக்கேன். ஆனா வெளியில படம் வரைஞ்சிருக்கும்..."

"வரட்டுங்க" என்றாள் அன்புக்கரசி.

வந்தது. இரண்டு பக்கமும் பட்டுப்புடவை கட்டிய மணப்பெண் தலை சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பின்கதவில் முகூர்த்தப் பட்டு என்று பெரிய எழுத்து. தெருவில் யாரோ முணுமுணுத்தார்கள். குளிப்பாட்டி, வேட்டி கட்டி, பாடையை உள்ளே தள்ளியபோது தரையில் கஞ்சித்துணி வாசனை அடித்தது. செந்தில்குமார் கொள்ளிச்சட்டியோடு முன்னால் ஏறினான். அண்ணியைப் பார்க்கவில்லை. சண்முகசுந்தரம் பின்னால் ஏறி, பாடைக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஜவுளிக்கடை முதலாளி அப்படி உட்கார்ந்து எத்தனை வருஷம் ஆகியிருக்குமோ.

மோளம் தெருமுனை வரைக்கும் போய், கிருஷ்ணாம்பேட்டைச் சுடுகாட்டுப் பக்கம் திரும்பி, கேட்காமல் போனது.

பெண்கள் அன்புக்கரசியைக் குழாயடிக்கு அழைத்துப் போனார்கள். பக்கத்து வீட்டுச் சரோஜாதேவி பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் பிடித்து அவள் தலையில் ஊற்றினாள். வெயிலில் காய்ந்த டேங்க் தண்ணீர், முதலில் சுட்டது, பிறகு இதமானது. ஒன்று, இரண்டு, மூன்று.

"போதும் வா. ஈரத்தோட நிக்காத."

அன்புக்கரசி அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"இன்னும் ஊத்து" என்றாள்.

சரோஜாதேவி நிஷாவைப் பார்த்தாள். நிஷா குடத்தை வாங்கிக் குழாயடியில் வைத்தாள். தண்ணீர் சன்னமாகத்தான் வந்தது. குடம் நிரம்புகிற வரைக்கும் மூவரும் அங்கேயே நின்றார்கள்.