தொப்பிகள் இறங்கிய இடம்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை, கண்ணுகளா. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் மேட்டு வீட்டில் இருக்கும் டோலினா மெக்காலேயுடையது. அவள் எனக்குக் கொடுத்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. துணியில் கட்டி வேகவைத்த பழக் கேக்கைத் துண்டு போட்டுக்கொண்டே, பேச்சோடு பேச்சாகக் கீழே போட்டாள். நான் பொறுக்கிக்கொண்டேன்.

"எங்க தாத்தா எங்க கெடக்கிறாருன்னு எனக்குத் தெரியாது. எங்கம்மாவுக்கும் தெரியாது, தெரியாமலே போய்ச் சேந்தா. இன்னொரு துண்டு எடுத்துக்க."

அந்த 'இன்னொரு துண்டு எடுத்துக்க'தான் என்னை எழுத உட்கார வைத்தது.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: 'லூயிஸ் தீவின் கடலோர இடுகாட்டின் மேல் பனிமூட்டம் மெல்லக் கவிந்து, மரங்களின் நிழல்…'

நிறுத்திவிட்டேன். இந்த வடகோடித் தீவில் மரம் ஏது? பனிமூட்டமாவது இந்தக் காற்றில் நின்றால்தானே? கொடியில் போட்ட துணியே நிற்பதில்லை.

இரண்டாவது: 'தாத்தா டார்க்குவில் தமது செம்பட்டை மீசையை…'

டோலினாவிடம் போய்க் கேட்டேன். "மீசையா? படம் ஒண்ணும் இல்ல. ஒனக்கு வேணும்னா வச்சுக்க," என்றாள். இன்னொருத்தியுடைய தாத்தாவுக்கு மீசை வைக்கும் உரிமை இவ்வளவு சுலபமாகக் கையில் வந்ததும் எனக்குப் பயமாகிவிட்டது. மீசையை எடுத்துவிட்டேன்.

மூன்றாவது தொடக்கத்தில் ஆள் இல்லை, ஒரு வாசல்தான் இருந்தது. அதையே வைத்துக்கொள்கிறேன்.

3

அந்தக் காலத்தில் இங்கே பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. (போகாத வீடுகள் இன்றும் உண்டு.) வீட்டில் ஜெபம் முடிந்ததும் ஆண்கள் பெட்டியைத் தூக்கி, முறை மாற்றி மாற்றிக் கொண்டுபோவார்கள். பெண்கள் வாசலோடு நின்றுவிட வேண்டும்.

டார்க்குவிலின் மகள் ஷோனாக், அதாவது டோலினாவின் அம்மா, அப்போது சின்னப் பெண். தன் அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு மேட்டு வீட்டு வாசலில் நின்றாள். சரிவு மறைத்ததால் ஆண்களின் தோள்கூடத் தெரியவில்லை. கறுப்புத் தொப்பிகள் மட்டும் கடலை நோக்கிப் போயின. பிறகு எல்லாத் தொப்பிகளும் சேர்ந்தாற்போல இறங்கின. பெட்டி குழிக்குள் போகும்போதுதான் தொப்பியைக் கழற்றுவார்கள்.

அப்பாவை அவள் வழியனுப்பியது அவ்வளவுதான்.

தூக்கிப்போன ஆண்களில் சிலரைப் போர் கொண்டுபோனது, மிச்சம் பேர் கனடாவுக்குக் கப்பல் ஏறினார்கள். தலைமாட்டில் நட்டது கடற்கரையிலிருந்து எடுத்த வெறும் கல். அப்படிப்பட்ட கற்கள் அங்கே படுத்திருக்கும் செம்மறிக் கூட்டம்போலக் கிடக்கின்றன, ஒன்றிலும் பெயர் கிடையாது. ஷோனாக் சாகும்போது ஒன்றே ஒன்று கேட்டாள்: "என்னை அப்பா பக்கத்துல வை." டோலினாவால் முடியவில்லை. மேலே புது இடுகாட்டில் வைத்தாள், பக்கத்து இடத்தை வெறுமையாக விட்டு.*

* இந்த வெறும் இடத்தைப் பற்றி அழகாக இரண்டு பத்தி எழுதியிருந்தேன். டோலினா அதைப் பற்றிப் பேசும்போது அழகாக ஒன்றும் பேசவில்லை. அதனால் எடுத்துவிட்டேன்.

4

பழைய இடுகாட்டின் கீழ் மூலையைக் கடல் தின்றுகொண்டிருக்கிறது. வசந்தம் வந்ததும் பாறைகளைக் கொட்டிக் கரை கட்டப்போகிறார்கள். 'இன்ன இடத்தில் எங்கள் ஆள்' என்று காட்டுகிறவர்களுக்கு மேலே மாற்றித் தருவார்களாம். காட்ட முடியாதவர்களின் ஆட்கள் பாறைக்கு அடியில்தான்.

டோலினாவின் தம்பி முர்டோ, கல் இறால் பிடித்து ஓய்ந்தவன், போதகரைக் கேட்டான். ஊரில் வயதான ஆண்கள் அத்தனை பேரையும் கேட்டான். இரும்புக் கம்பியால் புல்லைக் குத்திக் குத்திப் பார்த்தான். கடைசியில் அக்காவின் சமையலறையில் வந்து உட்கார்ந்தான்.

"விடுக்கா. தெரிஞ்ச ஆம்பிளைங்க எல்லாம் போயாச்சு. இனி யாரைக் கேக்க?"

"அம்மா பாத்தாளேடா."

"அம்மா எங்க போனா? வாசல்லதான நின்னா."

"வாசல்ல நின்னுதான் பாத்தா. கடலுக்குள்ள திட்டு இருக்கே, அதோட மூக்கும் கரையில இருக்கற பிளந்த பாறையும் ஒண்ணுக்கொண்ணு நேரா இருக்குமே, அந்த நேருக்குத்தான் தொப்பி எறங்குச்சுன்னு சொல்லுவா. கேட்டுக் கேட்டு நமக்குக் காதே புளிச்சுப்போச்சு."

முர்டோ டீயைக் கீழே வைத்தான். இறால் கூடை போட்ட இடத்தை அவன் வாழ்நாள் முழுக்க அப்படித்தான் கண்டுபிடித்தான், ஒரு பாறையை இன்னொன்றுக்கு நேராகக் கொண்டுவந்து.

"அக்கா, அது குறி! இத்தன நாளா ஏன் சொல்லல?"

"நீ ஆம்பிளைங்களத்தானடா கேட்டுக்கிட்டிருந்த."

அவன் காது சிவந்துபோனது. "ஆனா ஒரு குறி போதாதே. கோடுதான் கெடைக்கும், எடம் கெடைக்காது. வேற வாசல்லேருந்து இன்னொருத்தி பாத்திருக்கணும்."

கடலைப் பார்த்த வேறு வாசல் ஒன்றுதான் உண்டு. அது கரையோரம் இருக்கும் பெகி மொரிசனுடையது. அந்தப் படியை இவர்கள் மிதித்து வருஷக் கணக்காயிற்று.

5

ஊர்த் திருச்சபை இரண்டாகப் பிளந்தபோது பெகி வீட்டார் அந்தப் பக்கம் போனார்கள். இரண்டு கோயிலிலும் அதே சங்கீதங்கள், அதே மெட்டு. இருந்தாலும் இரண்டு வீட்டுக்கும் நடுவே டீ நின்றுபோனது. இத்தனைக்கும் டோலினாவும் பெகியும் பள்ளியில் ஒரே பெஞ்சு.

கேக்கைத் துணியோடு தூக்கிக்கொண்டு டோலினா போனாள், துணைக்கு நான்.

"யாரு, டோலினாவா? வழி தப்பி வந்தியா, மனந்திரும்பி வந்தியா?"

"ரெண்டும் இல்லடி. எங்க தாத்தாவை எடுத்துட்டுப் போனப்ப ஒங்கம்மா பாத்தாளா?"

பெகி கதவை அகலத் திறந்தாள். "உள்ள வா, காத்து அடிக்குது. அது என்ன, கேக்கா? ஒங்க வீட்டுக் கேக்கு கல்லு மாதிரி இருக்கும்னு எங்கம்மா சொல்லுவா."

"சொல்லிக்கிட்டே ரெண்டு துண்டு திம்பா ஒங்கம்மா."

பெகி சிரித்துவிட்டாள். கெட்டிலை வைத்துவிட்டு, திரும்பாமலே சொன்னாள்:

"பழைய கோயில் இடிஞ்சு ஒத்தைச் சுவரு நிக்குதே, அதுல ஜன்னல் ஓட்டை. இந்த வாசல்லேருந்து பாத்தா, அந்த ஓட்டைக்கு நேரா தொப்பியெல்லாம் எறங்குச்சாம். 'டார்க்குவில் ஜன்னல் வழியாப் போயிட்டாரு'ன்னு சொல்லுவா. சின்னப்ப அந்த ஜன்னலப் பாத்தாலே எனக்குப் பயமா இருக்கும்."

"ஏண்டி இத யாருகிட்டயும் சொல்லல?"

"யாரு கேட்டா? ஒந் தம்பி எங்க வீட்டத் தாண்டிப் போயி, அடுத்த வீட்டு ஆம்பிளையக் கேட்டுட்டு வர்றான்!"

(இங்கே எனக்கு எழுத்து நின்றுபோனது. பெகியை நம்பலாமா? இத்தனை வருஷம் தனியாக டீ குடித்தவள், கேட்டு வந்தவளை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் அந்த நிமிஷத்தில் கட்டிச் சொல்லியிருந்தால்? ஒரு வரைவில் அவளைப் பொய்க்காரி ஆக்கியும் பார்த்தேன். கதை விறுவிறுவென்று போனது. ஆனால் அந்த 'பயமா இருக்கும்' அந்தப் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்றது. கட்டிச் சொல்கிறவள் தன் பயத்தை எதற்குச் சேர்க்கிறாள்? வரைவைக் கிழித்தேன். பாதிதான் கிழித்தேன், மீதி அடுப்புப் பக்கம் இன்னும் இருக்கிறது.)

6

மறுநாள் காலை காற்று சற்று அடங்கியது. முர்டோ சொன்ன ஏற்பாடு இதுதான். டோலினா தன் வாசலிலிருந்து பாறையையும் திட்டையும் நேராக வைத்துக்கொண்டு கடலை நோக்கி இறங்க வேண்டும். பெகி தன் வாசலிலிருந்து அந்த ஜன்னலைப் பார்த்துக் கரையோரமாக நடக்க வேண்டும். இரண்டு பேரும் முட்டிக்கொள்கிற இடம்தான் டார்க்குவில்.

"கீழ பாக்காதீங்க. கால் எங்க வேணா போகட்டும்," என்றான்.

"நீ வரலையாடா?"

"இல்லக்கா. நான் வாசல்ல நிக்கிறேன்."

அவன் பக்கத்தில் நானும் நின்றேன். சரிவு டோலினாவின் கால்களை விழுங்கியது, பிறகு இடுப்பை, பிறகு தோளை. கொஞ்ச நேரத்தில் இரண்டு தலைமுக்காடுகள் மட்டும் தெரிந்தன, நீலம் ஒன்று, சாம்பல் ஒன்று. ஒன்றையொன்று நோக்கி நகர்ந்துகொண்டிருந்தன.

7

இனி இரண்டு முடிவு இருக்கிறது.

ஒன்றில் அவர்கள் கால் புல்லில் நிற்கிறது. அங்கே ஒரு வெறும் கல் இருக்கிறது. வசந்தத்துக்கு முன்னால் ஷோனாக்கின் பக்கத்து இடம் நிறைந்துவிடும்.

இன்னொன்றில் அவர்கள் ஈர மணலில் நிற்கிறார்கள். கடல் எப்போதோ முந்திக்கொண்டது. டோலினா முக்காட்டை அவிழ்த்து, ஒரு பிடி மணலை அதில் முடிந்து, அம்மாவுக்குக் கொண்டுபோகிறாள்; பெகி கூடப் போகிறாள், சபை மறந்து…

இல்லை, 'சபை மறந்து' வேண்டாம். அவள் மறக்கிறவள் இல்லை.

எது நடந்தது என்று எனக்குத் தெரியும். அன்று டீ நேரத்தில் இருவரும் சேர்ந்து வந்து, ஒருத்தி பேச்சை இன்னொருத்தி வெட்டிக்கொண்டு சொன்னார்கள். ஆனால் கண்ணுகளா, இந்தக் கதை வாசலில் நின்றவர்கள் பார்த்தவரைக்கும்தான். அதற்கு மேல் தெரிய வேண்டும் என்றால் நீங்கள் சரிவில் இறங்க வேண்டும். இறங்குங்கள், இப்போது யாரும் தடுக்க மாட்டார்கள். அங்கே கால் வைத்து, புல்லா மணலா என்று நீங்களே பாருங்கள்.

எனக்கு இங்கிருந்து தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். நீலமும் சாம்பலும் தொட்டுக்கொண்டு நின்றன. பிறகு இரண்டும் ஒன்றாகக் குனிந்தன.

என் பக்கத்தில் முர்டோ தொப்பியைக் கழற்றினான்.