ஓரத்தில் எழுதியதற்குக் கட்டம் கிடையாது

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியது அல்ல. நேற்று சாயங்காலம் தொலைபேசியில் வந்தது. கற்பனை என்று பீற்றிக்கொள்ள எனக்கும் ஆசைதான், ஆனால் வீட்டில் சாட்சி இருக்கிறது.

பேசியவர் ஒரு கருத்துக் கணிப்பு அலுவலகத்தின் சரிபார்ப்பாளர். அப்போது நான் துணி மடித்துக்கொண்டிருந்ததால் ஒலிபெருக்கியைப் போட்டு அலமாரி மேல் வைத்தேன்.

"சார், போன செவ்வாய்க்கிழமை பஸ் ஸ்டாப்புல உங்ககிட்ட ஒரு பொண்ணு சில கேள்வி கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"சிட்டி நடுவுல கார் ஓட்டிட்டு வர்றவங்ககிட்ட நெரிசல் கட்டணம் வாங்கி, அந்தக் காசுல பஸ் விடலாம்னு ஒரு திட்டம். அதுக்கு நீங்க ‘முழு ஆதரவு’ன்னு எழுதியிருக்கு. சொன்னீங்களா?"

நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கவே முடியாது. அந்தத் திட்டத்தை ஊரெல்லாம் திட்டிக்கொண்டு திரிகிறவன் நான். என் மூக்குக்கண்ணாடிக் கடை நகரத்தின் நட்டநடுவில் இருக்கிறது. தினமும் காரில்தான் போகிறேன். கடைக்கு வருகிறவர்களின் கண்ணில் லென்ஸை மாட்டி, "முதல் கண்ணாடி தெளிவா, ரெண்டாவது தெளிவா?" என்று கேட்கும் நேரத்தில்கூட இடையில் இந்தக் கட்டணத்தை ஒரு பிடி பிடிப்பேன். அன்று நிறுத்தத்தில் நின்றதே கார் பழுது பார்க்கப் போயிருந்ததால்தான்.

"ஒரு நிமிஷம்" என்றேன். அந்த ஒரு நிமிடத்தைத்தான் இன்று காலை ஐந்து மணியிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "அடைமழை. நிறுத்தத்தின் தகரக் கூரைக்குக் கீழே, நனைந்த காகிதங்களை மார்போடு அணைத்தபடி அவள்"

அன்று மழையே இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது.

இரண்டாவது ஆரம்பம்: "பெருநகரங்களில் தனியார் வாகனங்களின் பெருக்கமும் பொதுப் போக்குவரத்தின் போதாமையும் ஒன்றையொன்று" என்று கம்பீரமாகக் கிளம்பியது. தேநீர் கொண்டுவந்த மனைவி தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "வேற யாராவது எழுதியிருந்தா இத நீங்க படிப்பீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அந்த வாக்கியம் அங்கேயே கிடக்கிறது. வேண்டுமானால் நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக, அந்தப் பெண்ணிடமிருந்து ஆரம்பிக்கிறேன்.

3

அவளை அலுவலகத்தில் ‘பென்சில்’ என்று கூப்பிடுவார்கள். (இது சரிபார்ப்பாளர் வாய்தவறிச் சொன்னது. உண்மைப் பெயர் எனக்குத் தெரியாது.) படிவத்தில் பத்துக் கேள்விகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டம்: முழு ஆதரவு, ஆதரவு, கருத்தில்லை, எதிர்ப்பு, கடும் எதிர்ப்பு. கட்டத்தில் பேனாவால் குறி போட்டால் வேலை முடிந்தது. பென்சிலுக்கு அது போதாது. காதில் செருகிய பென்சிலை எடுத்து, ஆட்கள் சொன்னதைச் சொன்னபடியே ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதுவாள்.

"கம்ப்யூட்டர்ல கட்டம் மட்டும்தான் ஏறும். ஓரத்துல எழுதறத யாரு படிக்கப் போறாங்க?" என்று சக ஊழியர்கள் கேலி செய்வார்கள்.

"அவங்க வாய்விட்டுச் சொன்னத நான் எப்படி எழுதாம விடறது?" என்பாள்.

[இந்த இடத்தில் அவளுக்குப் படுத்த படுக்கையாக ஓர் அம்மாவை வைத்திருந்தேன். உங்கள் கண் கலங்கும் என்று கணக்குப் போட்டேன். பிறகு வெட்கமாகிவிட்டது. கேட்ட கேள்விக்குக் காது கொடுத்த ஒருத்திக்கு நோயாளி அம்மா எதற்கு? எடுத்துவிட்டேன்.]

அந்தச் செவ்வாய்க்கிழமை பென்சில் காலை ஏழிலிருந்து நிறுத்தத்தில் நின்றாள். முதலில் மருத்துவமனைச் சீருடையில் ஒரு செவிலி. "கட்டட்டுமே! ஒரு ஆளு ஒரு கார்னு வந்து ரோட்ட அடைச்சா, டூட்டிக்கு நான் பறந்தா போறது?" குறி: முழு ஆதரவு. அடுத்து, பொருள் வண்டி ஓட்டுகிறவர் ஒருவர் சாலையோரம் நிறுத்தித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். "காசு இருக்கறவன் கட்டிட்டு ஜம்முனு போவான். ஒரு நாளைக்கு ஆறு தடவ உள்ள போயிட்டு வர்ற நான் என்ன பண்றது? அதுக்கு என்கிட்ட பதில் சொல்லச் சொல்லுங்க." குறி: கடும் எதிர்ப்பு. கைக்குழந்தையோடு ஒரு அம்மா: "மொதல்ல பஸ்ஸ நேரத்துக்கு விடச் சொல்லுங்க. அப்புறம் கட்டணத்தப் பத்திப் பேசலாம்." குறி எதில் போடுவது? பென்சில் யோசித்துக் ‘கருத்தில்லை’யில் போட்டாள். போட்டுவிட்டு அவளுக்கே மனசு கேட்கவில்லை. அந்த அம்மாவுக்கு இருந்தது முழுக் கருத்து.

பக்கத்தில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த என் முறை பிறகு வந்தது.

4

என்னை நானே பாத்திரமாக எழுதினால் கூச்சத்தில் பொய் சொல்லிவிடுவேன். அதனால் பென்சிலின் கண்ணால் பார்க்கிறேன்.

கண்ணாடி போட்ட, கொஞ்சம் தொந்தி விழுந்த ஆள். பேருந்து எந்தப் பக்கம் நிற்கும் என்றுகூடத் தெரியாமல் திருதிருவென்று விழித்தார். அவள் தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கேட்டு, கடைசிக் கேள்வியைப் படித்துக் காட்டினாள். நெரிசல் கட்டணம்: ஆதரவா, எதிர்ப்பா? அவர் சம்பந்தமே இல்லாமல் ஒரு ஓட்டுநரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.

பென்சில் எழுதினாள். சொல்லச் சொல்ல எழுதினாள். ஓரம் நிறைந்து, தாளின் பின்பக்கம் போய், அங்கேயும் நிறைந்தது. அவள் தலை நிமிர்ந்தபோது அவருடைய கண் கலங்கியிருந்தது, பேருந்தும் வந்துவிட்டது.

முடிக்கும்போது பதிலைத் திரும்பப் படித்துக் காட்டி, "சரிதானே சார்?" என்று கேட்க வேண்டும். விதி அது. அவரோ ஒரு காலைப் படியில் வைத்துவிட்டார். பேருந்து போனபின் பார்த்தால் கட்டம் காலி. காலிக் கட்டம் இருந்தால் படிவம் செல்லாது. பேருந்து ஓட்டுகிறவருக்கு இவ்வளவு நன்றி சொல்கிற மனுஷன் வேறென்ன சொல்லியிருப்பார் என்று நினைத்தாள். பேனாவை எடுத்து ‘முழு ஆதரவு’ என்ற கட்டத்தில் குறி போட்டாள்.

தப்பு அவளுடையதுதான். ஆனால் அதற்கு வழி பண்ணியவன் நான். என் கடையில் யாராவது, "முதல் கண்ணாடியா ரெண்டாவதா?" என்று நான் கேட்டதற்குத் தங்கை கல்யாணக் கதை சொன்னால் எனக்கு எப்படி எரிச்சல் வரும்!

5

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று, ஆனால் தாண்டிவிடாதீர்கள். பத்துப் படிவத்துக்கு ஒன்று என்று எடுத்து, பதில் சொன்னவரையே கூப்பிட்டுக் கேட்பார்கள். ஒன்றே ஒன்று பொய்த்தாலும் அந்த ஆள் எடுத்த கட்டு முழுக்கக் குப்பைக்குப் போகும். பென்சிலின் கட்டில் அறுபத்து நான்கு படிவங்கள். எங்கள் நிறுத்தத்துக்கு அவளைத் தவிர யாரையும் அனுப்பவில்லை. கட்டு போனால் செவிலி, பொருள் வண்டிக்காரர், குழந்தை அம்மா எல்லோரும் போனார்கள். பென்சிலும் போவாள். ஏற்கனவே ஒரு முறை எச்சரிக்கை வாங்கியிருக்கிறாளாம்.

"இத நான் உங்ககிட்ட சொல்லக் கூடாது சார்" என்றார் சரிபார்ப்பாளர். "சொல்லிட்டேன். சொன்னீங்களா, இல்லியா?"

நேரம் கடத்துவதற்காக, "ஓரத்துல ஏதாவது எழுதியிருக்காங்களா?" என்று கேட்டேன்.

"ஓரத்துல எழுதினதுக்குக் கட்டம் கிடையாது சார். நாங்க படிக்கறதில்ல."

"இந்த ஒரு தடவ படிங்களேன்."

அவர் பெருமூச்சு விட்டார். ஆனாலும் படித்தார். நல்ல மனுஷர், அவருக்கு என் நன்றி.

"‘என் வீட்டுக்காரிக்கு முட்டியில ஆபரேஷன். முட்டிப் பயிற்சிக்கு பஸ்லதான் போறா. அந்த டிரைவர் அவ ஏறி உட்கார்ற வரைக்கும் கண்ணாடியில பாத்துட்டே இருப்பாராம். உட்கார்ந்தப்புறம்தான் வண்டிய எடுப்பாராம். (சிறிது நேரம் பேசவில்லை.) போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை நான் லேட்டா கிளம்பினேன். முன்னாடி ஒரு பஸ் நின்னுட்டு நகரவே இல்ல. ஹாரன விடாம அடிச்சேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். அப்புறம் பஸ்ஸோட பின்கண்ணாடி வழியா பாத்தேன். கம்பியப் பிடிச்சுக்கிட்டு மெல்ல மெல்ல உட்கார்ந்துட்டிருந்தது என் பொண்டாட்டி. (பேசவில்லை.) நான் அடிச்ச அடிக்கு அந்த மனுஷன் பயந்து வண்டிய எடுத்திருந்தா அவ விழுந்திருப்பா. அவர் எடுக்கல. அவருக்கு நான் எப்படி நன்றி சொல்றது?’ அவ்வளவுதான் சார் இருக்கு."

நான் இருபது வருடமாகக் கதை எழுதுகிறேன், நான் பேசாமல் நின்றதைக்கூட இவ்வளவு பத்திரமாக யாரும் எழுதி வைத்ததில்லை. அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

அப்போதுதான் ஒலிபெருக்கி ஞாபகம் வந்தது. திரும்பினேன். மனைவி கதவருகே நின்றுகொண்டிருந்தாள்.

"அந்த ஹாரன் நீங்கதானா?"

6

இங்கே மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) அவள் கோபித்துக்கொண்டு அறைக்குள் போய்விடுகிறாள். நான் வெறுப்பில் "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அறுபத்து நான்கு படிவங்களும் குப்பைக்கு. உண்மைதான், ஆனால் எழுதிவிட்டு எனக்கே சாப்பாடு இறங்கவில்லை.

(ஆ) நான் நெகிழ்ந்து, திருந்தி, காரை விற்றுவிடுகிறேன். போதும், நிறுத்துங்கள் என்று நீங்கள் சொல்வதற்கு முன் நானே

(இ) நடந்தது.

"அந்த ஹாரன் நீங்கதானா?" என்றாள். நான் தலையாட்டினேன். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பஸ்ஸே உங்களத் திட்டுச்சு! ‘எவன்டா அவன் அறிவுகெட்டவன்’னு நானும் சேர்ந்துதான் திட்டினேன்." சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது சிரித்ததால் வந்த கண்ணீர் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

"சார், லைன்ல இருக்கீங்களா?" என்றார் சரிபார்ப்பாளர்.

"அந்தப் பொண்ணு மேல தப்பில்லைங்க. அவங்க கேள்விதான் கேட்டாங்க, நான்தான் பதில் சொல்லாம கதை சொன்னேன்."

"அதுக்கு ஒரு கட்டம் இல்லியே சார். ஒண்ணு பண்ணலாம். இப்ப நான் கேக்கறேன், நீங்க சொல்லுங்க. ரெண்டும் ஒத்துப்போச்சுன்னா கட்டு நிக்கும். நெரிசல் கட்டணத்துக்கு நீங்க ஆதரவா, எதிர்ப்பா?"

மனைவி அலமாரி பக்கம் முகத்தை நீட்டினாள். "ஏங்க, தெனம் பஸ்ல போறவ நான். என்னைக் கேளுங்களேன்."

"மேடம், நீங்க பட்டியல்ல இல்ல."

"அது சரி! பஸ்ல போறவள விட்டுட்டு, ஹாரன் அடிச்சவரக் கேளுங்க."

நான் அவளைப் பார்த்தேன். "என்னப் பாக்காதீங்க. உங்களத்தானே கேக்கறாங்க" என்றாள்.

பொருள் வண்டிக்காரரின் கேள்விக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. குழந்தை அம்மா சொன்னதும் நியாயம்தான். பென்சிலையும் நினைத்தேன். கண்ணாடியில் பின்னால் பார்த்தபடி, என் ஹாரனுக்கு அசையாமல் உட்கார்ந்திருந்த அந்த ஓட்டுநரையும் நினைத்தேன்.

"முழு ஆதரவு" என்றேன்.

"ரொம்ப நன்றி சார்" என்றார். கேள்வி கேட்கிறவர்கள் வழக்கமாகச் சொல்கிற நன்றி மாதிரி இல்லை அது. அந்தப் பெண் அவருக்கும் வேண்டியவளாகத்தான் இருக்க வேண்டும்.

7

மனைவி துணி மடிக்க உட்கார்ந்தாள். "நெசமாவே சொன்னீங்களா, இல்ல அந்தப் பொண்ணுக்காகச் சொன்னீங்களா?"

"தெரியல" என்றேன். சத்தியமாகத் தெரியவில்லை.

"காலையில கடைக்குக் கிளம்புவீங்கல்ல, அப்ப தெரிஞ்சுடும்" என்றாள்.

காலை ஆகிவிட்டது. கார் நேற்றே பழுது பார்த்து வந்துவிட்டது, பளபளவென்று வாசலில் நிற்கிறது. ஏழு ஐம்பதுக்கு ஒரு பேருந்து. அதை ஓட்டுகிறவர் அவர்தான் என்று மனைவி சொல்கிறாள். இப்போது மணி ஏழு நாற்பத்து நான்கு. நிறுத்தத்துக்கு ஐந்து நிமிட நடை. இந்தக் கதைக்கு ஒரு நல்ல முடிவு எழுத எனக்குப் பத்து நிமிடமாவது வேண்டும். எழுதினால் பேருந்து போய்விடும், அப்புறம் கார்தான். எழுதாவிட்டால் கதை பாதியில் நிற்கும், நீங்கள் என்னைத் திட்டுவீர்கள். அதனால்